கடுகுக்கு ஒரு நடை, உப்புக்கு ஒரு நடை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைப் பட்டியலும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிய விடுப்புக் கடிதமும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறவர்களுக்கு. போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "தெனமும் நடங்கம்மா" என்று சீட்டை நீட்டினார். திருநகர் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் வாசல் மணி அடித்தது. மகன் அலுவலகத்திலிருந்தே போனில் சொல்லியிருக்கிறான். ஒருவர் வண்டியில் வந்து ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே ஒரு கட்டு. கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த மழைக்காலம் ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. ஐப்பசி மழை கொட்டி, தெருவெல்லாம் சேறும் மண்ணெண்ணெய் வாடையுமாகக் கிடந்தது. வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். காலையில் சைக்கிளைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

அம்மாவுக்குச் சர்க்கரை. விடியற்காலையில் பின்பக்கம் போய் அது எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பாள். ஒரு கண்ணாடிக் குழாய், அதைப் பிடிக்க ஒரு மர இடுக்கி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பாட்டிலில் நீலத் தண்ணீர். அந்த நீலத்தைப் போல ஒரு நீலத்தை நான் இன்றுவரை எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை. அதில் தன் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் உண்டு. பிறகு மஞ்சள், ஆரஞ்சு. கடைசி நிறம் செங்கல். நம் வயதுக்காரர்கள் சிலர் அந்தக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக் குழாய் தினமும் செங்கல் நிறத்தில்தான் நின்றது.

அப்பா அலுவலகம் போயிருந்ததால் அம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"வீட்டு வேலை பாக்குறீங்கள்ல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அம்புட்டும் நாந்தேன் டாக்டர்."

"அது பத்தாது. தெனம் முக்கா மணி நேரம் விடாம நடக்கணும். ஓட வேணாம், மூச்சு வாங்க வேணாம். பக்கத்துல இருக்குறவங்களோட பேசிக்கிட்டே நடக்குற வேகம் போதும். கைய நல்லா வீசி நடங்க. மாத்திரையும் நடையும் சேந்தாத்தான் சரிப்படும். இப்படியே விட்டீங்கன்னா காலைப் பாதிக்கும்."

அம்மா நாற்காலிக்கு அடியில் இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அம்மாவைப் பெற்ற பாட்டிக்குச் சர்க்கரையால் ஒரு கால் போயிருந்தது. அது எனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள்.

"ரோட்டுல சும்மா நடக்கவா?" என்றார் அப்பா. "அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்குறது நடையில்லையா? பொம்பளப்புள்ள இருக்குற வீடு. நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் வரும்போது, அவங்கம்மாவுக்கே சக்கரைம்பாங்க. யார் காதுக்கும் போக வேணாம்."

அப்பா கெட்டவர் இல்லை. அன்றிலிருந்து அவரும் சர்க்கரை போடாத காப்பிதான் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளிப்பார், ஆனால் குடித்து முடிப்பார்.

எங்கள் தெருவில் ஒருவர் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது. "தூரமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் போக முடியாது. ஆண்கள் "இந்தா, சும்மா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெண்களுக்குச் சும்மா என்று ஒரு இடம் கிடையாது. கடை, கோயில், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு. இந்த நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அம்மா கடையைத் தேர்ந்தெடுத்தாள். மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கும் சாமானை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்க ஆரம்பித்தாள். அதுவும் முக்குக் கடையில் இல்லை, ஜெய்ஹிந்துபுரம் மார்க்கெட் பக்கத்துக் கடையில். காலையில் கடுகுக்கு ஒரு நடை. மாலையில் உப்புக்கு ஒரு நடை. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடையில் ஒரே ஒரு பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு வருவாள். வாசலுக்கு வந்ததும், தெருவுக்குக் கேட்கும்படி, "அடக் கடவுளே, சீரகத்த மறந்துட்டேனே!" என்பாள். அம்மாவுக்கு நடிக்க வராது. அந்த வசனத்தைச் சொல்லும்போது அவள் காது சிவந்துவிடும். சொல்லிவிட்டு மறுபடியும் திரும்பி நடப்பாள்.

வீட்டுக்குள்ளும் மாற்றினாள். தண்ணீர்க் குடத்தை அடுப்படியிலிருந்து எடுத்துக் கொல்லைக் கதவோரம் வைத்தாள். ஒவ்வொரு செம்புக்கும் எழுந்து போக வேண்டும். பூண்டை நின்றுகொண்டு உரித்தாள். துவைத்த துணியை ஒரே சுமையாக மாடிக்குத் தூக்காமல் மூன்று தடவையாகக் கொண்டுபோனாள். எதையும் வேகமாகச் செய்யவில்லை. விடாமல் செய்தாள். இதையெல்லாம் இப்போது நானும் செய்து பார்க்கிறேன். பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குகிறேன். டிவி ரிமோட்டை வேண்டுமென்றே டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கார்த்திகை பிறக்கும்போது குழாய் ஆரஞ்சுக்கு வந்தது. பிறகு மஞ்சள். பெரிய கார்த்திகை விளக்கு வைத்த அன்று காலையில் நான் கொல்லைக்குப் போனபோது, அம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை. புது வாழைக்குருத்தின் பச்சை. என்னைப் பார்த்ததும் குழாயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள்.

இதற்கிடையில் தெரு வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் கடைக்காரர்தான் கேட்டார். அம்மாவோடு நானும் நின்றிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஏன் தங்கச்சி, மாப்ளைக்கு ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றார்.

"இல்லையேண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான். இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லி, பொட்டலத்தில் இன்னொரு கை பருப்பை அள்ளிப் போட்டு, தலைக்கு மேலே தொங்கிய நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் கட்டினார்.

பிறகு எதிர் வீட்டு டீச்சர் குழம்பு கொடுத்தனுப்பினார். மறுநாள் பொரியலும் வந்தது. "நேத்து கூடப் போச்சும்மா, வீணாத்தான் போகும்" என்றார். அதற்கு அடுத்த நாள் தூக்குவாளியில் அரிசியே வந்தது. அரிசி எப்படிக் கூடப் போகும் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு அதெல்லாம் கவலையில்லை. டீச்சர் வீட்டுச் சுண்டைவற்றல் குழம்பு அவ்வளவு ருசி.

மூட்டையாக வாங்குகிற வீடு பொட்டலமாக வாங்க ஆரம்பித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அம்மா அதை யோசிக்கவே இல்லை. ஒரு நாள் அப்பா சைக்கிளை வாசலில் இறக்கும்போது டீச்சர் அருகில் வந்து, மெதுவாகச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சஸ்பெண்டு எல்லாம் இந்தக் காலத்துல சகஜம். ஆறு மாசத்துல திருப்பி எடுத்துக்கிருவாங்க. அதுக்காகத் தெனம் ஆபீஸ் போற மாதிரி கெளம்பிப்போயி, எங்கயாச்சும் உக்காந்துட்டு வராதீங்க. நாங்கள்லாம் இருக்கோம்."

அப்பா உள்ளே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை நாளா இந்தக் கடை நடை?"

மறுநாள் பட்டப்பகலில், அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி நிறையச் சாமானோடு வந்தார். அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு, புளி, எல்லாம். வண்டிக்காரரிடம், "மெதுவா எறக்குங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். ஒவ்வொன்றாகத் தெரு பார்க்க இறங்கியது. கடுகு மட்டும் இரண்டு கிலோ இருந்தது.

"இனிமே நீ வாசப்படி தாண்ட வேணாம்" என்றார் அம்மாவிடம். "எதுவும் கொறைஞ்சா பாப்பா போயிட்டு வரட்டும்."

ஒயர் கூடை என் கைக்கு வந்தது.

இந்த இடத்தைத்தான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினோரு வயது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் என்னையும் வீட்டுக்குள் இருத்திவிடுவார்கள் என்று எனக்கே தெரியும். கடைக்குப் போகிற வழி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மாவு மில்லின் சூடான வாசம், சைக்கிள் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை அமுக்கும்போது வரும் குமிழிகள், கடைக்காரர் கையில் வைக்கும் வெல்லத் துண்டு. அம்மாவுக்கும் எனக்கும் ஒரே தெரு தேவைப்பட்டது. நான் எடுத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு நான் போறேன்டி" என்பாள் அம்மா.

"நீ இரும்மா, நான் ஓடிட்டு வாரேன்" என்று கூடையோடு பறந்துவிடுவேன்.

"அம்மாவ ஒரு வேலை செய்ய விடுறாளா பாருங்க. பெத்தா இப்படிப் பெக்கணும்" என்று தெருவில் பேர் வாங்கினேன். வாழ்க்கையில் என்னை அத்தனை பேர் புகழ்ந்தது அந்த ஒரு மார்கழியில்தான்.

வீட்டுக்குள் அம்மா நடந்தாள். அடுப்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒன்பது அடி. திரும்பினால் ஒன்பது அடி. அந்த வழியில்தான் அப்பா வாங்கிய டின்களையும் மூட்டைகளையும் அடுக்கியிருந்தோம். சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பாள். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவாள். குழாய் மறுபடி மஞ்சளானதை நான் பார்த்தேன். ஆரஞ்சானதையும் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாது, அவர் கொல்லைக்கு வருமுன் அம்மா கழுவி வைத்துவிடுவாள். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கூடை போய்விடும்.

மார்கழி பாதியில், எண்ணெய் டின்னின் விளிம்பு அம்மாவின் வலது கால் கட்டைவிரலைக் கிழித்தது. சின்னக் கீறல்தான். பத்து நாளாகியும் ஆறவில்லை. குழாய் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினார். கட்டு மாற்றுகிறபோதெல்லாம் அப்பா வெளியே போய் நின்றுகொள்வார். பொங்கல் கழிந்த பிறகுதான் புண் மூடியது. "இனிமே செருப்புப் போட்டுக்கிட்டு நடங்க. தெனமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க" என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்று மாலை அம்மா செருப்பை எடுத்து வைத்தாள்.

"எங்க?" என்றார் அப்பா. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"நடக்க."

"பட்டது பத்தாதா? கட்டில்ல உக்காரு. இனி ஒரு துரும்ப நீ எடுக்க வேணாம். நானும் பாப்பாவும் பாத்துக்கிறோம்."

"ஆமாம்மா, நான் இருக்கேன்ல" என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"எங்கம்மாவையும் நாங்க இப்படித்தாங்க உக்கார வச்சோம். மூணு மருமக. ஒருத்தி காப்பி குடுப்பா, ஒருத்தி கால் புடிச்சு விடுவா. தண்ணிச் செம்பக்கூட எடுக்க விடல. மகராசின்னு ஊரே சொல்லுச்சு. கடேசில கால எடுத்தாங்க. எடுத்த கால ஆஸ்பத்திரில துணியில சுத்தி எங்கப்பா கையில குடுத்தாங்க. அத அவரு மயானத்துக்குக் கொண்டுபோயிப் பொதைச்சாரு. பொதைச்சிட்டு, குளிச்சிட்டு, எங்கம்மாவுக்கு நாலு இட்லி வாங்கிக்கிட்டு வந்தாரு. எம்புட்டு நேரமா ஆளக் காணோமே, தூரமான்னு எங்கம்மா கேட்டுச்சு. இல்ல, பக்கத்துலதான்னாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

அப்பா அம்மாவின் வலது கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அந்த வேலைய உங்களுக்கு வைக்கக் கூடாதுன்னுதான் நடக்குறேன். அனுமதி கேக்கல. சொல்லிட்டுப் போறேன்."

செருப்பை மாட்டினாள். அவள் வாசலைத் தாண்டும்போது அப்பா, தோற்றுப்போன குரலில், "கையில ஒரு பையாச்சும் எடுத்துக்க" என்றார்.

"கை வேணும். வீசி நடக்கச் சொல்லியிருக்காங்க."

நான் பத்தடி பின்னால் போனேன். டீச்சர் வாசலில் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தார்.

"தூரமாம்மா?"

"ஆமா டீச்சர். மாடக்குளம் கண்மாய் வரைக்கும்."

"கீரைக்கா?"

"இல்ல, நடக்க."

"நடந்து?"

"நடந்துட்டு, திரும்பி வாரேன்."

டீச்சர் சல்லடையைக் கீழே வைத்தார். அம்மா நின்றாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, தெரு முழுக்க யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்பது போலச் சொன்னாள்: "எனக்குச் சக்கரை இருக்கு டீச்சர். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் கடுகுக்கும் உப்புக்கும் நடந்தேன். அவருக்கு வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சக்கரையா!" என்றார் டீச்சர். "அது பணக்கார வியாதில்ல! நாங்க உங்களப் போயி என்னென்னமோ நெனச்சு... அரிசி வேற குடுத்தேனே!"

"அரிசி நல்லாருந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள்.

சைக்கிள் கடைக்காரரிடமும் சொன்னாள். மாவு மில்லிலும் சொன்னாள். கேட்ட இடத்திலெல்லாம் அதே பதில். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அவள் காது சிவக்கவில்லை.

கண்மாய் நிரம்பிக் கிடந்தது. கரையில் ஈர மண்ணும் நாணலும் சேர்ந்த வாடை. தூரத்தில் பசுமலை கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா கரையில் ஏறித் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ ஏன்டி வந்த?"

"கலர் மாறுனது எனக்குத் தெரியும்மா. நான் அப்பாகிட்ட சொல்லல" என்றேன்.

"தெரியும். நீ கொல்லைக் கதவுக்குப் பின்னால நின்னது எனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. "வா, பேசிக்கிட்டே நட. பேச முடிஞ்சாத்தான் சரியான வேகமாம்" என்றாள்.

பேசத் தெரியாத நான் வீடு வரைக்கும் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பள்ளிக்கூடம், கணக்கு வாத்தியார், கடைக்காரர் தரும் வெல்லம். அம்மா கையை வீசிக்கொண்டு, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

நடந்ததால் அம்மாவின் சர்க்கரை போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை, கடைசி வருடங்களில் ஊசியும் போட்டுக்கொண்டாள். எழுபத்தெட்டு வயதில் போனாள். பாடையில் அவள் பாதங்களுக்கு மஞ்சள் பூசியது நான்தான். இரண்டுக்கும் பூசினேன்.

உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மகனிடம் மட்டும் சொல்லிவிட்டேன், வீட்டுக்கு எதையும் வரவழைக்காதே என்று. "உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதாம்மா" என்றான். நல்ல பிள்ளை. அதனால்தான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருந்தது.

கண்மாய்க்குப் போய்வந்த அன்று இரவு அப்பா எங்களோடு பேசவில்லை. மறுநாள் மாலை ஐந்தரைக்கு எதிர் வீட்டு டீச்சர், தானும் வருவதாகச் சொல்லி அம்மாவோடு கிளம்பினார். ரயில்வே கேட் வரை வந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று திரும்பிவிட்டார். அம்மா கண்மாய் வரை போய்வந்தாள்.